விண்டோஸ் 10-க்குப் பிறகு வீட்டுக் கணினிக்கு எந்த வழி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து பத்தாண்டுகளாக வீடுகளில் புழங்கிய இயங்குதளம் அது. அந்தத் தேதிக்குப் பிறகும் கணினி வழக்கம்போலத் திறக்கிறது, படம் ஓடுகிறது, கடிதம் அச்சாகிறது. எதுவும் கண்முன்னே நின்றுபோகாததால்தான் பலரும் முடிவைத் தள்ளிப்போடுகிறார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இரண்டு கணினிகளின் வடிவில் வந்தது: 2019-இல் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது ஒன்று, ஓய்வுபெற்ற என் அப்பா பயன்படுத்தும் 2014-ஆம் ஆண்டுக் கணினி மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தவில்லை; பல வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: எதுவும் செய்யாமல் இருப்பது, விண்டோஸ் 11-க்கு மாறுவது, விண்டோஸ் 10-க்கே நீட்டிப்புப் பாதுகாப்பைப் பெறுவது, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போவது.

முதல் வழியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதாவது மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. புதுப்பிப்பு வந்தும் நிறுவாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், புதுப்பிப்பே வராத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அது தெரிந்த தீநிரலை அடையாளம் காணுமே தவிர, இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை அடைக்காது.

விண்டோஸ் 11-ஐப் பொறுத்தவரை, விண்டோஸ் 10 உரிமம் உள்ளவர்களுக்கு மேம்படுத்தல் இலவசம். சிக்கல் வன்பொருளில் இருக்கிறது. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை பழைய கணினிகளிலும் இருக்கும், ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், நம்பகமான மென்பொருளால் மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியும், பட்டியலில் உள்ள புராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்தோ இருந்தால்தான் தேறும். மைக்ரோசாஃப்ட் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ மென்பொருளை ஓடவிட்டால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

ஆனால் அது ‘இல்லை’ என்று சொன்னதும் மனம் தளர வேண்டாம். எங்கள் 2019 கணினியில் இருப்பது இன்டெல் 9-ஆம் தலைமுறைப் புராசஸர். தகுதி இருந்தும் டி.பி.எம். இல்லை என்றே விடை வந்தது. கணினியை மறுபடி இயக்கி, டிலீட் விசையைத் தட்டிக்கொண்டே கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், பி.டி.டி. என்ற வரிக்கு எதிரே ‘டிசேபிள்டு’ என்று இருந்தது. அதுதான் இன்டெல் புராசஸருக்குள்ளேயே அமைந்த டி.பி.எம்.; ஏ.எம்.டி.யில் இதற்கு எஃப்.டி.பி.எம். என்று பெயர். அதை இயக்கியதும் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் கவனம் தேவை. செக்யூர் பூட்டுக்கு டிஸ்க், பகுதிகளைப் பிரித்து வைக்கும் புதிய முறையான ஜி.பி.டி. அமைப்பில் இருக்க வேண்டும். கடையில் அவசரத்தில் நிறுவிக்கொடுத்த விண்டோஸ் பல நேரம் பழைய எம்.பி.ஆர். அமைப்பில் இருக்கும். விண்டோஸிலேயே உள்ள, அமைப்பை மாற்றும் கருவியால் டிஸ்கை ஜி.பி.டி.க்கு மாற்றிய பிறகே பயாஸை யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறைக்குத் திருப்ப வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் கணினி விண்டோஸுக்குள் போகாது. இவற்றில் கை வைக்கும் முன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

மாறிய பின் பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். எனவே அந்தப் பத்து நாட்களிலேயே பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் என எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 10-இல் பழகிய தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலும் அப்படியே இருப்பதால், தமிழில் தட்டச்சு செய்பவருக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

தகுதியில்லாத கணினியிலும் ரூஃபஸ் போன்ற கருவியால் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அத்தகைய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் அளிக்கவில்லை. புதுப்பிப்புக்காகத்தான் மாறுகிறோம் என்னும்போது, அந்த உறுதியே இல்லாத இடத்துக்குப் போவதில் பொருள் இல்லை. சோதனைக்கென்று ஒரு கணினி வைத்திருப்பவர் செய்து பார்க்கட்டும். வரிக்கணக்கும் வைப்புநிதி விவரமும் உள்ள வீட்டுக் கணினியில் வேண்டாம்.

நீட்டிப்புப் பாதுகாப்பு என்பது அவகாசம் வாங்கும் ஏற்பாடு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலிருந்தே பதிவு செய்துகொள்ளலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையேல் மைக்ரோசாஃப்ட் சேவைகளைப் பயன்படுத்திச் சேர்க்கும் ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1000-மோ 30 டாலரோ கொடுக்க வேண்டும். ஓர் உரிமத்தைப் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு மட்டும் கட்டாயம். வீட்டுப் பயனர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரைக்கும் என்றே அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் வரும், புதிய வசதிகள் வராது. புதிய கணினிக்குப் பணம் சேர்ப்பவருக்கும், மகளின் தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவருக்கும் இது ஏற்றது. முடிவெடுக்கவே மனமில்லாதவருக்கு இதனால் பயனில்லை.

லினக்ஸ் என்றதும் தயங்குபவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் உருவானது. பழைய கணினிக்கு இன்று நான் சொல்வது லினக்ஸ் மின்ட். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ராமிலேயே ஓடும். முகப்புத்தோற்றமும் விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிவது இதன் பெரிய வசதி. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சில பழைய லேசர் பிரிண்டர்களை லினக்ஸில் இயக்குவது பெரும்பாடு என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

உலாவியில் நடக்கும் வேலைகள் எல்லாம் மின்டில் நடக்கும். வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்வது உட்பட எதற்கும் விண்டோஸ் தேவையில்லை. டேலியில் கணக்கு எழுதுபவருக்கோ நிலைமை வேறு. அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, அவர் விண்டோஸிலேயே இருப்பதுதான் சரி. வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கும். அட்டவணைகள் நிறைந்த கோப்பில் பக்க அமைப்பு சற்றுக் கலையலாம்.

தமிழ்த் தட்டச்சில் மின்ட் குறைவைக்கவில்லை. தமிழ்99 அமைப்பு அதன் விசைப்பலகைப் பட்டியலிலேயே இருக்கிறது. இடறுவது பழைய கோப்புகளில்தான். என் அப்பா பல ஆண்டுகளாக வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தவர். அந்த எழுத்துருக் கோப்பை மின்டில் நகலெடுத்து வைத்தால் பழைய கடிதங்கள் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் தேடவோ மின்னஞ்சலில் அனுப்பவோ வேண்டுமானால் எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அவர் தம் சங்கத்துக்காக வடிவமைத்த மலர்களை மின்டில் பக்க அமைப்பு குலையாமல் திறப்பது கடினம்.

ஆகவே 2019 கணினியில் விண்டோஸ் 11 ஏறியது. அப்பாவின் கணினியில் புதிதாக எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தி அதில் மின்டை நிறுவினோம்; அவருடைய செய்தித்தாள், மின்னஞ்சல், வங்கி எல்லாம் இப்போது அதில்தான். பழைய ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 10-ஐ நீக்காமல் விட்டு, அதில் இணைய இணைப்பை மட்டும் நிரந்தரமாக முடக்கியிருக்கிறோம். சங்க மலரைத் திறக்க வேண்டிய நாளில் கணினியை இயக்கும்போதே அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்துப் பேஜ்மேக்கரைத் திறக்கிறார். பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு மறுபடி மின்டுக்கு வந்துவிடுகிறார்.