டெமோவில் சரி, பில்லில் தப்பு: தொலைபேசி பில்லிங் மென்பொருள் எழுதி வாங்குவோர் கவனத்துக்கு

எங்கள் தொலைபேசி சேவைக்கு பில்லிங் மென்பொருள் செய்து தர ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். பெயர் சொல்லப் போவதில்லை. ஏமாந்த விதத்தைச் சொன்னால் மற்றவர்கள் தப்பிக்கலாம்.

வேலையின் உயிர்நாடி ஒன்றுதான். டயல் செய்த எண்ணோடு பொருந்தும் முன்னொட்டுகளில் (எண்ணின் தொடக்க இலக்கங்களில்) மிக நீளமானதை எடுத்து, அதன் கட்டணத்தைப் போட வேண்டும். 1876 என்று தொடங்கினால் ஜமைக்கா. ஆனால் அமெரிக்கா, கனடாவுக்கான 1-உம் அதே எண்ணோடு பொருந்தும். 7 ரஷ்யா, 77 கஜகஸ்தான். 447 பிரிட்டன் கைப்பேசி, 447624 மான் தீவு. குட்டையான முன்னொட்டைப் பிடித்துவிட்டால் கணக்கே போச்சு. இதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம்.

டெமோவில் பத்து எண்களைப் போட்டுக் காட்டினார்கள். பத்தும் சரி. மீதித் தொகையைக் கொடுத்துவிட்டோம். அந்தப் பத்து எண்களையும் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்களே என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல்முறை கட்டணங்களைத் திருத்திய மாதமே, எங்களுக்கு இணைப்பு தருபவர்களின் பில்லும் எங்கள் பில்லும் ஒட்டவில்லை. ஜமைக்காவுக்குப் போன அழைப்புகளெல்லாம் அமெரிக்கக் கட்டணத்தில் கிடந்தன. கேட்டால், "உங்க பட்டியல்லதான் தப்பு சார்" என்றார்கள். நான்கு நாள் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தோம். பட்டியலில் ஒரு தப்பும் இல்லை.

பிறகுதான் டேட்டாபேஸிலிருந்து கட்டணத்தைத் தேடி எடுக்கும் கட்டளையான குவெரியைத் திறந்தேன். லைக் (எண்ணின் தொடக்கம் பொருந்துகிறதா என்று பார்ப்பது) போட்டுப் பொருந்தும் ரெக்கார்டுகளை எடுத்து, லிமிட் 1 (முதலாவது மட்டும் போதும்) என்று முடித்திருந்தார்கள். வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை கிடையாது! அது இல்லாவிட்டால் எது முதலில் வரும் என்பதற்கு டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் எந்த உறுதியும் தராது. பட்டியலை முதலில் ஏற்றும்போது நீளமான முன்னொட்டுகளை முன்னால் ஏற்றியிருக்கிறார்கள். டேபிளை வாசிக்கையில் அவையே முதலில் வந்தன. நாங்கள் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். அதில் ஒரு ரெக்கார்டை அப்டேட் செய்தால் புதிய பிரதி வேறோர் இடத்தில் எழுதப்படும். 1876-இன் கட்டணத்தை மாற்றியதும் அது பின்னால் போக, 1 முந்திக்கொண்டது.

இதைக் காட்டியபோது அது "கூடுதல் வசதி", தனிக் கட்டணம் என்றார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய வேலைக்கு இரண்டாம் முறை பணம்! வற்புறுத்தியதும் ஒரு திருத்தம் அனுப்பினார்கள்: பொருந்துவதில் அதிகக் கட்டணம் எதுவோ அதை எடு. நீளமான முன்னொட்டு மலிவாக இருக்கும் இடங்களில் வாடிக்கையாளரிடம் அநியாயமாக வசூலிக்கும் வழி அது. மறுத்துவிட்டோம்.

கடைசியில் நாங்களே எழுதினோம். ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாகத் தேடும் லேட்டரல் ஜாயினில், அழைத்த தேதிக்குச் செல்லுபடியாகும் கட்டணங்களை மட்டும் எடுத்து, முன்னொட்டின் நீளத்தை இறங்குவரிசையில் ஆர்டர் பை செய்து, அதற்குப் பிறகு லிமிட் 1. எதுவும் பொருந்தாத அழைப்பு சத்தமில்லாமல் காணாமல் போகாதிருக்க லெஃப்ட் ஜாயின். வேகம்தான் அடுத்த சிக்கல். முன்னொட்டு டேபிளின் நெடுவரிசையிலிருந்து வந்தால், சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அடைவு) அந்த லைக்குக்கு உதவாது. சர்வதேச எண்ணுக்கு உச்சவரம்பு 15 இலக்கம் என்பதால், எண்ணை இடமிருந்து 1 முதல் 15 இலக்கம் வரை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சமக்குறி வைத்தே தேடினோம். இண்டெக்ஸ் வேலை செய்தது. இதே தேடலுக்கு போஸ்ட்கிரெஸ்ஸில் சேர்த்துக்கொள்ள பிரிஃபிக்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனும் இருக்கிறது.

நீங்கள் பணம் கொடுக்கும் முன், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் முன்னொட்டுகளுக்கான எண்களை நீங்களே தேர்ந்தெடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பிறகு கட்டணப் பட்டியலைத் தலைகீழாக ஏற்றி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஒரு விடை மாறினாலும் மீதித் தொகையை நிறுத்திவையுங்கள்.

எங்கள் பணம் திரும்பவில்லை. குறைவாக பில் போட்ட அழைப்புகளுக்காக வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்க மனம் வரவில்லை. அந்த நட்டத்தையும் நாங்களே ஏற்றோம்.