ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: 1946 – சுடுவதைவிடக் கப்பலில் இறங்குவதுதான் பெரிது

பன்னிரண்டு வருடமாக இந்தக் கணினிப் போர்விமான விளையாட்டை ஆடி வருகிறேன். ஐஎல்-2 என்பது ரஷ்ய விமானம். ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது 2004இல் பசிபிக் ஃபைட்டர்ஸ் என்று வந்து, 2006இல் இந்தத் தொகுப்பில் சேர்ந்த கடற்படை விமானங்கள்தான்: அமெரிக்காவின் வைல்ட்கேட், கோர்செர், டான்ட்லெஸ், எதிர்ப்பக்கம் ஜப்பானின் ஜீரோ, ‘வால்’ (Val).

முதல் ஆறு மாதம் சுடுவதுதான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். ஜீரோவோடு வட்டமடித்தால் சாவுதான். உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். அது பழகியதும் சண்டை கைக்குள் வந்துவிட்டது. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது மட்டும் இன்றைக்கும் முழுதாக வசப்படவில்லை.

கோர்செரை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு அவ்வளவு நீளம். நேராக வந்தால் கப்பலே தெரியாது. அதனால் இடப்பக்கம் வளைந்துகொண்டே, பக்கக் கண்ணாடி வழியாகத் தளத்தைப் பார்த்தபடி வர வேண்டும். கடைசி இரண்டு நொடியில் இறக்கையைச் சமப்படுத்தி, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுவதும் பின்னால் இழுத்துவிட வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் இடது இறக்கை தொப்பென்று சரியும். நிஜத்திலும் இதே தொல்லை இருந்ததால்தான் அமெரிக்கக் கடற்படை முதலில் கோர்செர்களைத் தரைத்தளங்களுக்கு அனுப்பியது. விமானத்தின் அடிக்கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி, விமானம் நிற்கும்போது என் உள்ளங்கை நனைந்திருக்கும்.

வைல்ட்கேட்டில் சக்கரத்தை மேலே ஏற்ற விசையைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். அந்தக் கால விமானி அதைக் கையாலேயே சுற்றி ஏற்றினார். இந்த மாதிரி சின்ன விஷயங்களுக்காகவே இதைக் கொண்டாடுகிறேன்.

வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர், கப்பலோ நகர்ந்துகொண்டே இருக்கும். 1944 ஜூன் 20 இரவு, பிலிப்பைன் கடல் போரிலிருந்து திரும்பிய விமானங்களுக்காக, நீர்மூழ்கி ஆபத்தையும் பார்க்காமல் அமெரிக்க அட்மிரல் மிட்சர் கப்பல் விளக்குகளை ஏற்றச் சொன்னார். அப்படியும் எரிபொருள் தீர்ந்தும், இறங்கும்போது மோதியும் சுமார் 80 விமானங்கள் போயின. இருட்டில் ஒருமுறை கப்பலைத் தேடி அலைந்த பிறகுதான் அந்த எண்ணிக்கை எனக்கு உறைத்தது.

‘வால்’ விமானத்தில் ஏறினால் மனம் வேறு எங்கோ போய்விடும். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை இதே வகைக் குண்டுவீச்சு விமானங்கள். அன்று ஹெர்மிஸில் தற்காப்புக்கு ஒரு விமானம்கூட இல்லை. அந்தக் காக்பிட்டில் உட்கார்ந்து குறிபார்க்கும் குறுக்குக்கோட்டில் ஒரு கப்பல் தளத்தைப் பார்ப்பது எனக்கு லேசான காரியமில்லை.

விளையாட்டின் காட்சிகள் பழசுதான், கடல் தட்டையாகத் தெரியும். அவெஞ்சர் என்ற அமெரிக்க டார்பிடோ விமானத்தை நாம் ஓட்ட முடியாது, அது ஒரு பெரிய ஏக்கம். சாதாரண மடிக்கணினி போதும். ஆனால் ஜாய்ஸ்டிக் இல்லாமல் தொடவே வேண்டாம்.

நேற்றிரவு எரிபொருள் முள் அடியைத் தொட்டுவிட்டது. மேகத்துக்குக் கீழே இறங்கியபோது தூரத்தில் கப்பலின் வெள்ளை நுரைக்கோடு தெரிந்தது. கொக்கியை இறக்கினேன்.