வைட்டமின் சி, வைட்டமின் ஈ, என்ஏசி: அடிபட்டவருக்கு எது உதவும்?

அடிபட்ட இடத்தில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்களைச் சேதப்படுத்தக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள், பெருகும், அவற்றை அடக்க ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வது அதே ராடிக்கல்களை வைத்துத்தான். உடற்பயிற்சிக்குப் பிறகு தசை தன்னை உரப்படுத்திக்கொள்வதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அதனால் எந்தக் காயத்துக்கு எந்த மாத்திரை என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, என்ஏசி மூன்றும் ஆன்டிஆக்ஸிடன்ட்கள்தான். அவற்றில் அதிகம் பேசத் தகுந்தது வைட்டமின் சி. தோலையும் திசுவையும் பிடித்துவைக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் முறுக்கேறி உறுதியாக நிற்க அது கட்டாயம் வேண்டும். பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் 1939-இல் வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் சாப்பிட்டுத் தன் உடம்பிலேயே சோதித்தார். மூன்றாம் மாதம் போட்ட வெட்டு ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் போட்ட வெட்டு உள்ளே சேரவே இல்லை. ஊசி வழியாக வைட்டமின் சி ஏற்றிய பிறகுதான் ஆறியது. பற்றாக்குறை இருந்தால் நிரப்ப வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஏற்கெனவே போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகச் சோதித்தவர்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். மணிக்கட்டு முறிந்த சிலருக்கு, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் எரிச்சலும் வீக்கமும் விடாது. கை நிறம் மாறும், விரல் மடங்காது. சிஆர்பிஎஸ் என்கிற இந்த வலி நோயைத் தடுக்க தினம் 500 மி.கி. வைட்டமின் சி-யை 50 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான முதல் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கும் அது வந்தது. 2007-இல் 416 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில் 2.4-க்கு 10.1. இதில் எனக்குப் பிடித்த தகவல், 500 மி.கி. செய்ததற்கு மேல் 1500 மி.கி. பெரிதாக எதுவும் செய்யவில்லை என்பது. கூட்டிக்கொண்டே போவதில் லாபமில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. 2014-இல் எடின்பரோவில் 336 பேரிடம் அதே 500 மி.கி., அதே 50 நாள். ஒரு வருடம் கழித்துக் கையின் செயல்திறனை அளந்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஆக, வழக்கு இன்னும் தீரவில்லை.

வைட்டமின் ஈ விஷயத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டாம். காப்ஸ்யூலைக் குத்தித் தழும்பில் தேய்க்கும் பழக்கம் நம்மூரிலும் உண்டு. 1999-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 15 பேரின் அறுவைத் தழும்பில் ஒரு பாதியில் வெறும் களிம்பும், மறு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பும் தடவினார்கள். 90 சதவீதத் தழும்புகளில் வைட்டமின் ஈ-யால் பலனில்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வேறு. ஜிம் பையன்கள் சி-யும் ஈ-யும் சேர்த்து விழுங்குவதும் அப்படித்தான். நார்வேயில் 54 பேரை 11 வாரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்ததில், மாத்திரை எடுத்தவர்களின் தசைச் செல்களில் பயிற்சியால் வர வேண்டிய சில மாற்றங்கள் மட்டுப்பட்டன. தசைவலிக்காவது உதவுமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளை வைத்து 2017-இல் செய்த அலசலில் வலி குறைந்தது உண்மை, ஆனால் நமக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை.

என்ஏசி, அதாவது அசிட்டைல்சிஸ்டீன், சளியை இளக்கவும் பாராசிட்டமால் விஷத்தை முறிக்கவும் மருத்துவர்கள் வைத்திருக்கும் மருந்து. காயத்தில் அதற்கு இரண்டு முகம். ஈராக்கில் குண்டுவெடிப்பு அதிர்வால் லேசான மூளைக்காயம் பட்ட 81 அமெரிக்கப் படையினரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் என்ஏசி தொடங்கியவர்களில் 86 சதவீதம் பேர் ஒரு வாரத்தில் அறிகுறி நீங்கித் தேறினார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 42 சதவீதம்தான். அசத்தல் எண்தான், ஆனால் சின்ன ஆய்வு. அப்புறம் மறு முகம்: கடும் பயிற்சியால் கைத்தசையில் காயம் உண்டாக்கி, பிறகு ஒரு வாரம் என்ஏசி-யும் வைட்டமின் சி-யும் சேர்த்துக் கொடுத்த 2001 ஆய்வில் ஆக்ஸிஜனேற்றச் சேதம், அதாவது ராடிக்கல்களால் வரும் சேதம், கூடியது. நசுங்கிய திசுவில் கட்டவிழ்ந்த இரும்பு இருக்கும். அதன் பக்கத்தில் வைட்டமின் சி ராடிக்கல்களை அடக்காமல் தூண்டிவிடவும் கூடும்.

என் தேர்வு இப்படி. மணிக்கட்டு முறிந்து, மருத்துவரும் சரி என்றால், 500 மி.கி. வைட்டமின் சி-யை 50 நாள் எடுப்பேன். விலை குறைவு, இழப்பு பெரிதில்லை. வெட்டுக்காயத்துக்குக் கொய்யா போதும், 100 கிராமில் 200 மி.கி. அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. தசைவலிக்கு எதுவும் வேண்டாம். என்ஏசி-யைச் சொந்தமாக வாங்கிப் போட மாட்டேன். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைட்டமின் சி மாத்திரையையும் தள்ளிவைப்பது நல்லது; ஸ்வீடன் ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அதை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.