காருக்குப் பகல் லைட்: ரெடிமேட் பட்டியா, நாமே செய்வதா?

இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் ஏ7 வீதியில் சில நாட்களில் பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். வளைவில் எதிரே வருபவருக்கு நம் கார் தெரிய வேண்டும். அதற்காக எல்இடி பகல் லைட் போட நினைப்பவர்கள் கேட்பது இதுதான்: எல்இடி பதித்த ரெடிமேட் பட்டியை வாங்கி ஒட்டுவதா, தனி எல்இடிகளை இணைத்து நாமே செய்வதா?

செலவு
ரெடிமேட் சிலிக்கோன் பட்டி: மலிவு.
நாமே செய்வது: உதிரிகளுக்குச் செலவு குறைவு, நேரம்தான் அதிகம்.

உழைப்பு
பட்டி: பின்பக்க டேப்பை உரித்து ஒட்டினால் சரி.
நாமே செய்வது: ஈயம் பற்றவைக்கத் தெரிய வேண்டும். எஞ்சின் ஓடும்போது காரின் 12 வோல்ட் மின்சாரம் 14.4 வரை ஏறும். 3.2 வோல்ட் வெள்ளை எல்இடி மூன்றைத் தொடராக இணைத்தால் மீதி 4.8 வோல்ட்; மின்னோட்டத்தை 20 மில்லியம்பியரில் நிறுத்த 240 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். ரெசிஸ்டர் போடாவிட்டால் எல்இடி சீக்கிரம் கருகும்.

மழை, ஈரம்
பட்டி: வெட்டிய நுனி வழியே தண்ணீர் நுழையும். என் காரில் ஒரு மழைக்காலத்துக்குள் உள்ளே பச்சைக் களிம்பு பூத்து, பாதி அணைந்துவிட்டது.
நாமே செய்வது: அலுமினியச் சட்டத்துக்குள் வைத்து எபொக்சி பசை ஊற்றி மூடலாம். சூட்டையும் சட்டம் இழுத்துக்கொள்ளும்.

எதுவானாலும் பியூஸ் கட்டாயம். இக்னிஷன் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் இணையுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் பெட்டரி இறங்கியிருக்கும்.

எப்போதாவது மலையேறுபவருக்குப் பட்டி போதும். தினமும் இந்த வீதியில் ஓடுபவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கித் தானே செய்துகொள்ளட்டும்.