சென்சார் வாயடைத்தால் யார் சொல்வது? வைஃபை, ஜிக்பீ, லோராவான்: ஓர் ஒப்பீடு

மூன்று நாளாக என் டாஷ்போர்டு 4.1 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. குளிர்பதன அறை இவ்வளவு சீராக ஓடுகிறதே என்று உள்ளூர மகிழ்ந்தும் இருந்தேன். நான்காம் நாள் அறைக்குள் போனபோதுதான் சங்கதி புரிந்தது. சென்சாரின் பேட்டரி முதல் நாள் இரவே தீர்ந்துபோயிருந்தது. திரையில் நின்றது அது கடைசியாகச் சொன்ன எண். அதற்குப் பிறகு எந்த இணைப்பு முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சென்சார் பேச்சை நிறுத்தினால் எனக்கு எப்படித் தெரியும்? தூரம், வேகம், திரையின் அழகு எல்லாம் பிறகு.

காற்றில் போகும் வழி

பெரும்பாலோர் தொடங்குவது வைஃபையில். 2014-இல் இ.எஸ்.பி.8266 என்ற வைஃபைச் சில்லும், 2016-இல் அதன் அடுத்த தலைமுறையான இ.எஸ்.பி.32-ம் வந்தபின், ஒரு பலகையும் ஒரு சென்சாரும் இருந்தால் அன்று மாலையே இணையத்தில் வரைபடம் தெரியும். இடையில் வேறு பெட்டி தேவையில்லை. ரவுட்டர் இருக்கிறது, மின்சாரமும் பக்கத்தில் இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

பேட்டரி என்றதும் கதை மாறுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஐந்து விநாடி சராசரியாக 100 மில்லி ஆம்பியர் இழுத்தால், 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி சுமார் நூறு நாள் வரும். ஆனால் அது தாளில் போட்ட கணக்கு. சில் ஆழ்ந்த உறக்கத்தில் சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். பலகையில் இருக்கும் மலிவான மின்னழுத்தச் சீராக்கி அப்படியில்லை. ஏ.எம்.எஸ்.1117 போன்ற ஒன்று சும்மா இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். அதைச் சேர்த்தால் நூறு நாள் இரண்டு வாரமாகச் சுருங்கிவிடும். என் குளிர்பதன அறையில் நடந்தது இதுதான். சில்லின் தரவுத்தாளைப் படித்தவன், பலகையின் சுற்றுப்படத்தைப் பார்க்கவில்லை.

வைஃபையின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. இ.எஸ்.பி.32-இல் உறக்கத்திலும் அழியாத 8 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. ரவுட்டர் விழுந்துவிட்டால் அளவீடுகளை நேரத்தோடு அதில் சேர்த்துவைத்து, இணைப்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்பலாம். இந்த வேலையைச் செய்யும் நிரல் நாற்பது வரிகூட வராது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில்தான் இதைக் காண முடிவதில்லை.

வீட்டுச் சாதனங்கள் குறைந்த மின்சாரத்தில் பேசிக்கொள்ளும் வானொலி முறையான ஜிக்பீ வேறு குணம். ஒரு நாணய பேட்டரியில் ஓராண்டுக்கு மேல் ஓடும் வெப்பமானிகள் சாதாரணம். மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ விளக்கும் பிளக்கும் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும். சென்சார் தன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் போதும். சிக்கலும் அங்கேதான். யாராவது அந்த விளக்கைச் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டால், அதன் வழியே பேசிவந்த சென்சார்கள் அநாதையாகின்றன. சில சென்சார்கள் வேறு வழி தேடிக்கொள்ளும், சில அப்படியே ஊமையாகிவிடும். இன்னொன்று: ஜிக்பீ பயன்படுத்துவது வைஃபை உலவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. யூ.எஸ்.பி. 3.0 துளையும் அதே பட்டையில் இரைச்சல் கிளப்பும். ஜிக்பீ செய்தியை வாங்கும் டாங்கிளைக் கணினியில் நேரடியாகச் செருகாமல், ஒரு நீட்டிப்பு வடத்தில் தள்ளி வைத்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

மௌனத்தைக் கண்டுபிடிப்பதில் ஜிக்பீ மந்தம். ஜிக்பீ சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் ஜிக்பீ2எம்.க்யூ.டி.டி. என்னும் மென்பொருள் பேட்டரிச் சாதனங்களைக் காணவில்லை என்று அறிவிக்க, இயல்பாக 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம் பொறுக்கும். வீட்டு விளக்குக்கு அது போதும், மருந்து வைத்த பெட்டிக்குப் போதவே போதாது. அந்த எண்ணை மாற்றலாம். மாற்ற வேண்டும் என்று தெரிந்தால்தானே!

லோராவான் என்ற நெடுந்தொலைவு வானொலி முறை திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். பேட்டரி ஆண்டுக் கணக்கில் வரும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, அது கொஞ்சமாகத்தான் பேசும் என்பது. பத்து பைட் செய்தி அதிவேகமான எஸ்.எஃப்.7 என்ற வேக அமைப்பில் சுமார் 60 மில்லி விநாடி காற்றில் இருக்கும், தொலைவுக்கான எஸ்.எஃப்.12-இல் ஏறக்குறைய ஒன்றரை விநாடி. தி திங்ஸ் நெட்வொர்க் என்ற பொது லோராவான் வலையமைப்பின் நியாயப் பயன்பாட்டு விதி, ஒரு சாதனத்துக்கு நாளொன்றுக்கு 30 விநாடி ஒளிபரப்பு நேரமே தருகிறது. வகுத்துப் பாருங்கள்: எஸ்.எஃப்.12-இல் நாளுக்கு 20 செய்தி, மணிக்கு ஒன்றுகூட இல்லை. தண்ணீர்த் தொட்டி மட்டத்துக்குச் சரி, மோட்டார் அதிர்வை அளக்க நினைப்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஆனால் என் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்வது லோராவான்தான். ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வரிசை எண் ஏறிக்கொண்டே போகும். 212-க்குப் பிறகு 216 வந்தால், மூன்று செய்திகள் வழியில் தொலைந்தன என்று அர்த்தம். சென்சார் தூங்கியதா, காற்றில் தவறியதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. சிக்னலின் பலமும் கூடவே வருகிறது. அது நாளுக்கு நாள் தேய்ந்தால், முழு மௌனம் வருமுன்பே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆன்டெனாவைப் பார்க்கப் போகலாம்.

புளூடூத் ஒரே அறைக்குள் போதும். செல்பேசி வலையமைப்பில் ஓடும் என்.பி.-ஐ.ஓ.டி., அந்த இடத்தில் சேவை இருந்தால் எளிது, இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

செய்தியின் மொழி

சென்சார்கள் செய்தி அனுப்பும் நெறிமுறையான எம்.க்யூ.டி.டி. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கப் பிறந்தது. அதனால் மெலிவு அதன் இயல்பு. சிறிய செய்தியின் நிலையான தலைப்பு இரண்டு பைட்டில் முடியும். இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால், முன்பே எழுதிவைத்த ‘கடைசி உயிலை’, செய்திகளை வாங்கிப் பகிரும் சேவையகமான புரோக்கர், கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அறிவிக்கும். கேட்க அருமையாக இருக்கிறது. உறங்கி விழிக்கும் சென்சாருக்கோ இது உதவாது. அது ஒழுங்காக விடைபெற்றுத்தான் தூங்கப் போகிறது, புரோக்கரும் உயிலைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எழாவிட்டால் அழ ஆளில்லை.

இன்னொரு பொறி, தக்கவைக்கும் செய்தி. புதிதாக இணைபவருக்கு புரோக்கர் கடைசி மதிப்பைக் கொடுக்கும். அது எப்போது வந்தது என்று மட்டும் சொல்லாது. நேற்றைய எண் இன்றைய முகத்தோடு வந்து நிற்கும். செய்திக்குள்ளேயே நேரத்தை எழுதி அனுப்புங்கள்.

வலைத்தளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி. கனமானது, பாதுகாப்பான இணைப்புக்கு ஒவ்வொரு விழிப்பிலும் புதிதாகக் கைகுலுக்க வேண்டும். இருந்தும் அரைமணிக்கு ஒருமுறை பேசும் சென்சாருக்கு நான் அதையே விரும்புகிறேன். கேட்டதற்குப் பதில் உடனே வருகிறது, பதில் வராவிட்டால் அளவீட்டைச் சேமித்துவைக்கலாம். அளவீடுகளைச் சேமித்து வரைபடமாகக் காட்டும் இணையச் சேவையான திங்ஸ்பீக் தன் பதிலில் பதிவின் எண்ணைத் தரும். 0 வந்தால் ஏறவில்லை என்று பொருள். அந்த 0-ஐ எத்தனை பேர் படிக்கிறார்கள்?

திரை

திங்ஸ்பீக்கின் இலவசக் கணக்கில் 15 விநாடிக்கு ஒரு பதிவு, ஒரு சேனலுக்கு எட்டுப் புலம், அதாவது எட்டு வகை அளவீடு. தொடங்குபவருக்குத் தாராளம். தரவு வராவிட்டால் எச்சரிக்கும் வசதியும் உண்டு. வரைபடங்கள் கொஞ்சம் பழைய காலத்து ஆட்கள்.

தரவைச் சேமிக்கும் இன்ஃப்ளக்ஸ்டிபியும் அதை வரைந்து காட்டும் கிராஃபனாவும் சேர்ந்த சொந்த ஏற்பாடு எல்லாவற்றையும் தருகிறது, வேலையையும் சேர்த்து. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் எஸ்.டி. அட்டையில் ஓயாமல் எழுதினால் ஒருநாள் அட்டை கைவிடும். கிராஃபனாவின் தனி எண் கட்டம் இயல்பாகக் காட்டுவது வெற்றிடமல்லாத கடைசி மதிப்பு. என்னை ஏமாற்றியது அந்தக் கட்டம்தான். கோட்டுப் படத்திலும், நடுவில் பதிவே இல்லாவிட்டால் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிடும்; குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் இடைவெளி வந்தால் கோட்டை அறுக்கும்படி அமைப்பில் சொல்ல வேண்டும். எச்சரிக்கை விதியில் ‘தரவு இல்லை’ என்ற நிலைக்குத் தனிச் செயலும் வைக்கலாம்.

பிறர் சேவையை நம்பினாலும், தரவைக் கோப்பாக இறக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் தரவுக்கென்று பாச்யூப் என்ற பெயரில் தொடங்கிய சேவை காஸம் ஆனது, பிறகு ஸைவ்லி ஆனது, 2018-இல் கூகுள் அதை வாங்கியது. அந்தக் கூகுளின், சாதனங்களை இணையத்தோடு இணைக்கும் ஐ.ஓ.டி. கோர் சேவையும் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. சேவையே வாயடைத்தால் சென்சார் பேசி என்ன பயன்?

வருகிற எண்ணையும் சந்தேகிக்க வேண்டும். டி.எஸ்.18பி20 வெப்பமானி சரியாக 85 டிகிரி என்றால், பெரும்பாலும் அது மின்சாரம் வந்ததும் நினைவகத்தில் நிற்கும் தொடக்க மதிப்பு. அதற்கான அர்டுயினோ நிரல் நூலகம் -127 தந்தால் கம்பி கழன்றிருக்கிறது. இரண்டையும் தரவுத்தளத்தின் வாசலிலேயே வடிகட்டுகிறேன்.

இப்போது அந்த அறையில் இருப்பது வைஃபைதான், ஆனால் சுவர் மின்சாரத்தில். பேட்டரி மின்தடைக்கு மட்டும். எச்.டி.டி.பி., இன்ஃப்ளக்ஸ்டிபி, கிராஃபனா. பத்து நிமிடத்துக்கு ஓர் அளவீடு, மூன்று தவறினால் எச்சரிக்கை. தொலைவில் உள்ள தொட்டிக்கு லோராவான் போட்டிருக்கிறேன். ஏற்பாடு முடிந்த அன்று சென்சாரின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 32-ஆவது நிமிடம் கைபேசி ஒலித்தது.