நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: உடல் பருமன் உள்ளவர்களுக்கு எவ்வளவு பயன்?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு உடல் பருமனும் உள்ள என் அண்ணனை, ஒரு மருத்துவமனை நடத்தும் 8 வார மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்த்துவிட்டு, வகுப்புகளுக்குத் துணையாக நானும் சென்று வந்தேன். எடை கூடியவர்களுக்கு அந்தப் பயிற்சி எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

தொடக்கத்தில் 6 நிமிட நடைச் சோதனை நடத்தி, மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் சொல்லச் சொன்னார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது 8 கேள்விகள் கொண்ட வினாத்தாள். இருமலையும் சளியையும் கேட்பதோடு நில்லாமல், நன்றாகத் தூங்க முடிகிறதா, வீட்டைவிட்டு வெளியே செல்லத் துணிவு இருக்கிறதா என்றும் அது கேட்கிறது. நோயாளியை உண்மையில் வாட்டுபவை பெரும்பாலும் இவைதாம்.

பயிற்சியின் பெரிய பலம் பிசியோதெரபிஸ்ட். நுரையீரலுக்கு அடியில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை வயிற்றுக் கொழுப்பு கீழிருந்து மேலே தள்ளுவதால், ஏற்கெனவே திணறும் நுரையீரல் விரிவதற்கு இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். நடக்கும்போது முழு எடையையும் கால்கள் சுமக்கின்றன, சைக்கிளில் இருக்கை தாங்கிக்கொள்கிறது என்று சொல்லி, அண்ணனை டிரெட்மில்லிலிருந்து உடற்பயிற்சி சைக்கிளுக்கு மாற்றியதும் அவரே. (அந்த இருக்கை பருமனானவர்களுக்குப் போதாத அளவுக்குக் குறுகலாக இருந்தது வேறு விஷயம்.) குனிந்து ஷூ கயிறு கட்டும்போது மூச்சடைக்கிறது என்று அண்ணன் சொன்னதும், நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை மறு தொடைமேல் தூக்கி வைத்து, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விட்டபடியே முடிச்சுப் போடப் பழக்கினார்.

உணவு ஆலோசனையில்தான் ஏமாற்றம். எடையைக் குறைக்கச் சொல்லும் ஒரே அச்சிட்ட தாளை எல்லாருக்கும் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்த ஒருவருக்கும் அதே தாள்தான். நோய் முற்றியவர்களுக்கு மெலிவே கூடுதல் ஆபத்து. நோயின் கடுமையைக் கணிக்கும் போட் குறியீட்டில், உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பிஎம்ஐ 21 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஒரு புள்ளி கூடுகிறது. பருமனானவர்களும் பட்டினி கிடந்து அவசரமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். நோய் திடீரெனத் தீவிரமாகும்போது கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் பசியைத் தூண்டுகின்றன. அடிக்கடி எடுத்தால் தசையையும் நலிவடையச் செய்கின்றன. அண்ணன் அவற்றைச் சாப்பிட்டாரா என்று ஆலோசகர் கேட்கவே இல்லை. அண்ணனுடைய பலத்த குறட்டையைப் பற்றி நாங்களாகவே சொல்ல வேண்டியிருந்தது. பருமனும் குறட்டையும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

பயிற்சி முடிந்தபோது எடையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் 6 நிமிடத்தில் நடக்கும் தூரம், குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகக் கருதப்படும் 30 மீட்டருக்கும் மேலாகவே கூடியிருந்தது. நண்பர்களைப் பார்க்க மறுபடியும் தனியாகக் கிளம்புகிறார். எடை இறங்கவில்லை என்பதற்காக இந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். உடற்பயிற்சிப் பகுதிக்காக மட்டுமே தயங்காமல் சேரலாம். சேர்வதற்கு முன், சைக்கிள் வசதி உண்டா, உணவியல் நிபுணர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.