தக்காளிக்கு வேர் உட்பூசணம்: மணிச்சத்தைக் குறைத்தால்தான் பலன்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள எங்கள் பசுமைக்குடிலில் செர்ரித் தக்காளிக்கு வேர் உட்பூசணத் தூளை, அதாவது வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூஞ்சையின் (மைக்கோரைசா) தூளை, நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறோம். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊட்டக்கரைசலில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு?

வயலில் மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். வேர்முடி எட்டாத இடத்திலிருந்து பூஞ்சை இழைகள் அதை எடுத்துவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மண்ணில்லாச் சாகுபடியிலோ கரைந்த மணிச்சத்தைச் சொட்டுநீரிலேயே வேருக்கு ஊட்டிவிடுகிறோம். வயிறு நிறைந்த செடி விருந்தாளியை உள்ளே அழைப்பதில்லை. தக்காளிக்கு வழக்கமாகத் தரப்படும் 40 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவைக் கொடுத்துக்கொண்டே தூளையும் போடுவது பண விரயம் என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் 20 பிபிஎம் அளவுக்கு இறக்கினோம். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டைக் குறைத்து, அதனால் குறையும் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) பொட்டாசியம் சல்பேட்டால் ஈடுகட்டினோம். பலருடைய கண்ணில் படாமல் போவது அமிலம். கரைசலின் பிஹெச் அளவைக் குறைக்க பாஸ்பாரிக் அமிலம் ஊற்றினால், கழித்த மணிச்சத்து அதன் வழியாகவே திரும்ப வந்துவிடும். ஆகவே நைட்ரிக் அமிலத்துக்கு மாறினோம்; அதில் வரும் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏற்ப உரக்கணக்கையும் திருத்திக்கொண்டோம். இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகிறதா என்பதை மட்டும் விடாமல் பார்த்துவர வேண்டும். அப்படி ஆனால் மணிச்சத்தை மிகவும் குறைத்துவிட்டோம் என்று பொருள்.

பூஞ்சை வேருக்குள் நுழைந்ததா என்பதை வெறுங்கண்ணால் அறிய முடியாது. வேர்த்துண்டுகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் நீக்கி, வினிகரில் கலந்த பேனா மையில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். கையுறையும் கண்ணாடியும் அவசியம். உயிரணுக்களுக்குள் சின்னஞ்சிறு மரம்போல் கிளைத்து நிற்கும் இழைகளைக் கண்டால் எனக்கு இன்றும் மகிழ்ச்சி பொங்கும்.

தூள் வேரைத் தொட வேண்டும். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூஞ்சை வளராது. அதனால் குழித்தட்டில் விதைக்கும்போதே கலக்கிறோம். தென்னை நார்க்கழிவுப் பைகளுக்கு மாற்றும்போது, நடும் குழியிலும் கொஞ்சம் தூவுகிறோம். எங்களுக்கு வரும் நார்க்கழிவு பொள்ளாச்சிச் சரக்கு. அதை கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய பிறகே பயன்படுத்துகிறோம்.

பலன் என்ன? நாற்றுகள் சீராக வேர் பிடிக்கின்றன; நட்ட புதிதில் நண்பகல் வாட்டம் தூள் போடாத வரிசைகளைவிடக் குறைவு. உரச்செலவும் குறைந்தது. மகசூல் கூடவில்லை. சிங்கப்பூரின் இரவு வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்கும்போது மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்கிறது. அதற்குக் காற்றோட்டமும் வெப்பம் தாங்கும் இரகமும்தான் வழி. காயின் அடி கருத்து அழுகுவதற்கும் இது மருந்தல்ல. அங்கே பார்க்க வேண்டியது நீர்ப்பாய்ச்சலையும் சுண்ணாம்புச்சத்தையும்.

கத்தரி, மிளகாய் போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். கைலான், சாய் சிம் போன்ற சீனக் கீரைகளை மட்டுமே வளர்ப்பவர்களுக்கு வேண்டாம்: முட்டைக்கோஸ் குடும்பத்து வேர்களோடு இந்தப் பூஞ்சை உறவு வைத்துக்கொள்வதில்லை.